வஞ்சிரத்தின் வாலை வெட்டியது யார்?

நான் வாயாடி. எங்கள் குப்பத்தில் அதைச் சொல்லாத ஆள் கிடையாது. ஆனால் பள்ளி அறிவியல் கண்காட்சியில் நான் போட்ட சண்டைக்கு வாய் மட்டும் போதவில்லை. ஒரு பிளாஸ்டிக் பைப்பும் தேவைப்பட்டது.

கேள்வி என்னுடையது அல்ல, அம்மாவுடையது. மாமல்லபுரம் ஓட்டல்களுக்கு அம்மா மீன் கொடுப்பாள். படகு வந்ததும் மீனைப் படம் பிடித்து வாட்ஸ்அப்பில் அனுப்புவது என் வேலை. ஒருநாள் நான் அனுப்பிய படத்தில் வஞ்சிரத்துக்கு வாலே இல்லை. முழு மீனா, வெட்டினதா என்று ஓட்டல்காரர் கேட்டுவிட்டார். அம்மாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. போனைப் பிடுங்கி அதன் முதுகைத் திருப்பிப் பார்த்தாள்.

"கண்ணாடி ரவுண்டாத்தானே கீது? படம் மட்டும் ஏன்டி கட்டமா வருது?"

எனக்குத் தெரியவில்லை. அறிவியல் டீச்சரைக் கேட்டேன். "கம்பெனிக்காரன் அப்படித்தான் செய்றான், உக்காரு" என்றார். இப்படி ஒரு பதிலை எங்கள் வீட்டில் சொன்னால் அன்றைக்குச் சோறு கிடைக்காது.

அதனால் நானே செய்தேன். பைப்பின் ஒரு முனையில் பூதக்கண்ணாடி, மறு முனையில் டிரேசிங் பேப்பர். வெளிச்சத்தின் பக்கம் திருப்பினால் பள்ளிக் கொடிக்கம்பம் தலைகீழாக, வட்டமாக அந்தத் தாளில் விழும். நடுவில் கட்டமாக ஓட்டை போட்ட கறுப்பு அட்டையைத் தாளின் மேல் வைத்தால் படம் கட்டமாகிவிடும். அவ்வளவுதான் சங்கதி. லென்ஸ் வட்டமாகத்தான் கொடுக்கிறது. கேமராவுக்குள் அதை வாங்குகிற தகடு கட்டமாக இருக்கிறது. தன் அளவுக்கு எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. பாவம், லென்ஸின் மேல் பழி.

'இது எங்க அம்மா கேட்ட கேள்வி' என்று கொட்டை எழுத்தில் எழுதி மேஜைக்கு மேலே ஒட்டினேன். எங்கள் பள்ளியிலிருந்து ஒரே ஒரு மாடல்தான் செங்கல்பட்டில் நடக்கும் மாவட்டக் கண்காட்சிக்குப் போகும். அது என்னுடையதாக இருக்க வேண்டும் என்று எனக்கு வெறி.

வெளியூரிலிருந்து வந்திருந்த நடுவர் அதைப் படித்துவிட்டுச் சிரித்தார்.

"உங்கம்மா என்ன பண்றாங்க?"

"மீன் விக்கிறாங்க சார்."

"அதான்" என்றார். அந்த 'அதான்' இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

பைப்பைத் தூக்கிப் பார்த்தார். "தப்பா செஞ்சிருக்கியேம்மா. அட்டையப் பின்னால வெச்சா எப்படி? லென்ஸுக்கு முன்னால கட்டமா மறைக்கணும். அப்பத்தான் படம் கட்டமா வரும்." கையிலிருந்த ஃபைலில் மார்க் தாளை எடுத்து 'தவறு' என்று எழுதி மார்க்கும் போட்டுவிட்டார்.

"வெச்சுப் பாத்துடலாமா சார்?" என்றேன்.

டீச்சர் என் கையைக் கிள்ளினார். கிள்ளட்டும். இன்னோர் அட்டையில் சின்னதாகக் கட்டம் வெட்டி, முன்னால் இருந்த பூதக்கண்ணாடியின் மேலேயே ஒட்டினேன். பிள்ளைகள் கூடிவிட்டார்கள். தாளில் படம் மங்கியது. ஆனால் வட்டம் வட்டமாகவே இருந்தது. கொடிக்கம்பத்தில் ஒரு விரற்கடைகூடக் குறையவில்லை. கண்ணாடியை மறைத்தால் வெளிச்சம்தான் குறையும், மிச்சமிருக்கிற துண்டுக் கண்ணாடியே முழுப் படத்தையும் கொடுத்துவிடும்.

"நல்லா பாருங்க சார். கட்டமாவா கீது?"

ஆத்திரத்தில் வீட்டுப் பேச்சு வந்துவிட்டது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நடுவர் சிரிக்கவில்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"சரி... வட்டமாத்தான் இருக்கு. ஆனா மார்க் போட்டாச்சேம்மா."

"மார்க்க நீங்களே வெச்சுக்குங்க சார். தப்புன்னு எழுதுனீங்களே, அத்த மட்டும் அடிச்சுடுங்க."

அவர் அடிக்கவில்லை. ஃபைலை மூடிக்கொண்டு பக்கத்து மேஜைக்குப் போனார். அங்கே இருந்த மழைநீர்த் தொட்டிதான் செங்கல்பட்டுக்குப் போயிற்று. பஸ்ஸில் வீடு திரும்பும்போது அழுதேன். துக்கத்தில் இல்லை, அந்த மார்க் தாளைப் பிடுங்கிக் கிழிக்காமல் வந்துவிட்டோமே என்ற எரிச்சலில்.

அம்மா வாசலில் மீன் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. ஈரக் கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் பைப்பை வாங்கினாள். தெருவைப் பார்த்தாள். தாளின் மேல் கட்ட அட்டையை வைத்தாள், எடுத்தாள், மறுபடி வைத்தாள்.

"அப்போ இந்தக் கட்டத்துக்குள்ள வராத மீதிப் படம் எங்கடி போவுது?"

கேமராவின் உள்சுவரில் விழுந்து வீணாகிறது என்றேன். பூதக்கண்ணாடியைத் தடவிக்கொண்டே, "அநியாயம்" என்றாள்.

அந்த ஒரு கேள்வியை மட்டும் நடுவர் கேட்டிருந்தால், அவருக்கு நான் மார்க் போட்டிருப்பேன்.