புளியமரத்துக்கு எதிர் வீடு

பார்சல் கொடுக்கிற வேலைக்கு ஸ்கூட்டியும் செல்போனும் இருந்தால் போதும் என்றுதான் சேர்த்துக்கொண்டார்கள். இல்லாததைப் பார்க்கிற கண்ணும் வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. சின்னமனூர் லைனில் இரண்டு வருசமாக அலைகிறேன். இதே பிழைப்பில் இருக்கிற அக்கா தங்கச்சிகளே, அண்ணன்மாரே, இதெல்லாம் உங்களுக்குத் தெரியாத கதை இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு பார்சல் திரும்பிப் போனால் லைன் வேறு ஆளுக்குப் போய்விடும். பாப்பாவை அங்கன்வாடியில் விட்டு, மத்தியானம் கூட்டிவந்து சோறும் ஊட்ட விடுகிற வேலை இந்தப் பக்கத்தில் வேறு எங்கே இருக்கிறது?

வெட்டின மரம்

சேர்ந்த முதல் நாள். அட்ரஸில் ‘புளியமரத்துக்கு எதிர் வீடு’ என்று இருந்தது. தெருவை மூன்று சுற்று சுற்றினேன். புளியமரம் என்ன, ஒரு புளியங்கன்றுகூடக் கிடையாது. டீக்கடைக்காரரிடம் கேட்டேன். ரோட்டை அகலப்படுத்தும்போதே வெட்டிவிட்டார்களாம். அந்த இடத்தில் இப்போது மொபைல் கடை. “அப்ப மொபைல் கடைக்கு எதிர் வீடுன்னு எழுத வேண்டியதுதானண்ணே?” என்றேன். புத்தி கெட்ட பிள்ளையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

“மரத்தைத்தான வெட்டுனாக? புளியமரம் அங்கனயேதான இருக்கு!”

இங்கனதான்

போன மாதம் ஒரு திங்கட்கிழமை. வீடு பூட்டியிருந்தது. போன் போட்டேன்.

“எங்கன இருக்கீக சார்?”

“இங்கனதாம்மா.”

“இங்கனன்னா எங்கன?”

“நான் நிக்கிற இடத்துலதான். இந்தா, கையை ஆட்டுறேன் பாரு.”

வெயிலில் நாலு திசையும் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். மாடி வீட்டு அக்கா துணி உதறியதைப் பார்த்துப் பதிலுக்குக் கையாட்டிவிட்டு அசடு வழிந்தேன். போனில் இருந்தவருக்குக் கோபம் வந்துவிட்டது. பார்சல் திரும்பிப் போனது. ஒன்று.

“போடி டவுன்ல கல்யாண மண்டபத்து வாசல்ல நின்னு கையை ஆட்டுறேன், உனக்குக் கண்ணு தெரியலையா?”

அப்படி யாரும் இல்லை

அதே வாரம், ‘வெண்ணிலா’ என்ற பேருக்கு ஒரு சேலை. அந்தப் பெண்ணின் போன் அணைந்திருந்தது. வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவிடம் கேட்டேன். அப்படி ஒருத்தி இந்தத் தெருவிலேயே கிடையாது என்று அடித்துச் சொன்னார். சேலை திரும்பிப் போனது. இரண்டு.

மறுநாள் அதே அம்மா என் வண்டியை மறித்தார். மருமகளுக்கு வந்த சேலையை எப்படித் திருப்பி அனுப்பலாம் என்று சண்டை. மருமகள் பேர் என்ன என்று கேட்டேன். வெண்ணிலாவாம். “நேத்து உங்ககிட்டதானம்மா கேட்டேன்!” என்றேன்.

“அது அவ பேரு. நாங்க பெரியவன் பொண்டாட்டின்னுதான கூப்புடுவோம்? நீ அப்படியில்ல கேட்டிருக்கணும்!”

மேப் வைத்திருந்த அண்ணன்

சொன்னபடி லைன் போனது. தேனியிலிருந்து ஒரு அண்ணன் வந்தார். அவர் மேப்பைப் பார்த்தே போய்விடுவார், யாரிடமும் வாய் திறக்க மாட்டார் என்று ஆபீஸ் சார் பெருமையடித்தார். நான் பாப்பாவுக்குத் தலை பின்னிவிட்டு, வீட்டில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். பதினோரு மணிக்கு அந்த அண்ணன் போன் போட்டார். கையில் நாலு பார்சலாம். நாலிலும் ஒரே அட்ரஸாம்: ‘பார்சல் அக்கா வண்டி நிப்பாட்டுற இடத்துக்குப் பக்கம்.’

“ஏம்மா, நீ எங்கன வண்டிய நிப்பாட்டுவ?” என்றார். மொபைல் கடை வாசலில் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஊரோடு ஒத்துப்போக வேண்டாமா? “புளியமரத்தடியிலதாண்ணே” என்றேன். நாலும் திரும்பிப் போயின. சாயங்காலம் ஆபீஸ் சாரே கூப்பிட்டார்.

“ஆத்தா, நாளைக்கு நீயே வந்து அந்த மரத்தடியில நில்லு!”

வெட்டிப்போட்ட மரத்துக்கு இந்த ஊரில் இருக்கிற மதிப்பு உயிரோடு அலைகிற எனக்கும் கிடைக்க, நானும் ஒரே ஒரு நாள் இல்லாமல் போக வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.