ஜினதாச போட்ட மோதிரம்

இரத்தினபுரியில் கல் தரகு செய்யும் ஜினதாசவுக்கு ஒரு வைராக்கியம் உண்டு. சூரிய வெளிச்சத்தில் அல்லாமல் எந்தக் கல்லையும் பார்க்க மாட்டார். "பல்பு வெளிச்சத்துல பானை ஓடுகூட மாணிக்கம் மாதிரித்தான் மினுங்கும்" என்பார். கையும் கொஞ்சம் இறுக்கம். அவர் காசில் தேநீர் குடித்தவர் அந்தத் தெருவில் யாரும் இல்லை.

தங்கை மகள் நிலந்திக்குக் கல்யாணம் கூடியது. மாப்பிள்ளைக்குத் தாய்மாமன் மோதிரம் போட்டே ஆகவேண்டும் என்று தங்கை பிடித்த பிடியை விடவில்லை. ஜினதாச மேசை இழுப்பறையைக் கிளறி, எவனும் கேட்காமல் கிடந்த ஒரு பச்சைக் கல்லை எடுத்தார். மட்டமான கல் என்று முடிவுகட்டிப் போட்டு வைத்திருந்தது. அதை மெலிசான தங்கத்தில் பதித்து, கல்யாணத்தன்று காலையில் மாப்பிள்ளையின் அம்மா பொடிமெனிக்கேயிடம் அவள் வீட்டு முற்றத்திலேயே காட்டிவிட்டும் வந்தார்.

மண்டபத்தில் திரைச்சீலைகளை இழுத்துவிட்டு, மஞ்சள் பல்புகளை எரியவிட்டிருந்தார்கள். மாப்பிள்ளை விரலில் மோதிரம் ஏறியதும் பொடிமெனிக்கே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"முதலாளி, காலையில காட்டினது பச்சை. இது சிவப்பா இருக்கே. வர்ற வழியில மாத்திட்டீங்களா?"

ஜினதாச குனிந்து பார்த்தார். பகலில் பச்சையும் விளக்கில் சிவப்பும் காட்டும் கல் எது என்று அவருக்குத் தெரியாதா?

"கொஞ்சம் வெளியே வாங்கம்மா" என்றார்.

வாசல் வெளிச்சத்தில் பச்சை. உள்ளே வந்தால் சிவப்பு. நம்பாதவர்கள் மாப்பிள்ளையை மறுபடி வெளியே இழுத்தார்கள். பிறகு மேளக்காரர்கள் பார்க்க வேண்டும் என்றார்கள். "நேரம் போகுது, பொண்ணு தனியா நிக்குது" என்று சோதிடர் கத்தியதை யாரும் காதில் வாங்கவில்லை.

பக்கத்துக் கல் கடைப் பியதிலக உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அலெக்சாண்டர் கல். இத வித்தா வீடு வாங்கலாம். முதலாளி, தெரிஞ்சுதான் குடுத்தீங்களா?"

மண்டபமே ஜினதாசவைப் பார்த்தது. தெரியாது என்றால் நாளை முதல் ஒருவனும் அவரிடம் கல் காட்ட மாட்டான்.

"என்ன கேள்வி இது? முப்பது வருசமா கல்லோட கிடக்கிறவன் நான். நிலந்திக்குச் செய்யாம வேற யாருக்குச் செய்யப்போறேன்?"

பொடிமெனிக்கே மூக்கை உறிஞ்சினாள். நிலந்தி மேடையிலிருந்து இறங்கி வந்து அவர் காலில் விழுந்து வணங்கினாள். ஜினதாசவின் கண்ணிலிருந்து தண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. எவ்வளவு பாசம் என்று எல்லாரும் உருகினார்கள்.

வீடு திரும்பும் ஆட்டோவில் மனைவி ஹேமாவதி கேட்டாள்: "உண்மையச் சொல்லுங்க. தெரியுமா?"

"பேசாம வா."

"அப்ப தெரியாது" என்று அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். கொஞ்ச தூரம் போனதும் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

இப்போது சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் முதல் பத்திரிகை ஜினதாசவுக்குத்தான். முன்வரிசையில் உட்காரவைத்துப் பால்சோறு பரிமாறுகிறார்கள். இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார்.