பட்டியலில் இல்லாத காத்தமுத்து

கோட்டுச்சேரியிலிருந்து எட்டரை மணி பஸ்ஸில் வந்து, காரைக்கால் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு மாடியில் இருந்த கம்ப்யூட்டர் சென்டரில் பெர்ல் சொல்லிக்கொடுத்தாள் சந்திரா. கம்ப்யூட்டரிடம் வேலை வாங்கும் மொழிகளில் ஒன்று அது. நீளமான பட்டியல்களைப் பிரிக்கவும் சேர்க்கவும் தோதானது. நாற்பது வயதில் சமையல் மேடையில் புத்தகத்தை விரித்துவைத்துத் தானே கற்றுக்கொண்டாள்.

பிள்ளைகளுக்குப் பின்னால் போய் நின்றாலே அவளுக்குப் பிழை தெரிந்துவிடும்.

“செமிகோலன் எங்க? அத விட்டுட்டு அடுத்த வரியில தேடுற.”

“கோப்புலேருந்து படிச்ச பேரோட வால்ல வரி முடிவும் சேர்ந்து ஒட்டியிருக்கு. சாம்ப் போட்டு நறுக்கு, அப்பதான் பேரு பொருந்தும்.”

“பேரையும் பேரையும் ரெண்டு சமக்குறி போட்டு ஒப்பிடாத. அது எண்ணுக்கு. பெர்லுக்கு எல்லாப் பேரும் பூஜ்யம்தான். பூஜ்யமும் பூஜ்யமும் ஒண்ணுன்னு சொல்லிட்டுப் போயிடும்.”

கடைசியாகச் சொன்னதற்கு அவளே சிரிப்பாள். 2005 ஜூலை வரை சிரித்தாள்.

சுனாமி அலை வந்துபோன நாலாம் மாதம், ஒரு தொண்டு நிறுவனம் மீனவர் குப்பத்துக்கு வீடு கட்டித்தர முன்வந்திருந்தது. மூன்று குழுக்கள் தனித்தனியே போய்ப் பெயர் எழுதியதில் பல குடும்பங்கள் இரண்டு தடவை பதிவாகிவிட்டன. நிறுவனத்தின் பொறுப்பாளர் ஜவஹர் அலி சந்திராவைத் தேடி வந்தார்.

“டீச்சர், ரெண்டு தடவ வந்ததெல்லாம் எடுத்துட்டு சுத்தமா ஒரு லிஸ்ட் வேணும். கையால பாத்தா ஒரு வாரம் ஆவும்.”

சந்திராவுக்கு அரை மணி ஆனது. பெர்லில் ஹாஷ் என்று ஒன்று உண்டு. சீட்டு ஒட்டிய மாடங்களைப் போல. ஒரே சீட்டோடு இன்னொரு பதிவு வந்தால், பழையதைத் தள்ளிவிட்டுப் புதியது உட்கார்ந்துகொள்ளும். குடும்பத் தலைவரின் இனிஷியலையும் பெயரையும் ஆங்கிலத்தில் சேர்த்துச் சீட்டாக வைத்தாள். நானூற்று முப்பத்தாறு பதிவுகள் உள்ளே போயின. முந்நூற்றுத் தொண்ணூற்றொன்று வெளியே வந்தன. பிழை என்று திரையில் ஒரு வரி இல்லை.

“மாஷா அல்லாஹ்!” என்றார் ஜவஹர் அலி. அந்த வாரம் முழுக்க அவள் கொஞ்சம் நிமிர்ந்தே நடந்தாள்.

மே மாதம், அவள் தெருவுக்குப் பதினைந்து வருஷமாக மீன் கொண்டுவரும் கனகம் கூடையை இறக்கிவைத்துவிட்டுச் சொன்னாள்: “டீச்சரம்மா, எங்க குடும்பம் லிஸ்ட்டுல இல்லையாம்.”

“குடுத்த பேரையெல்லாம்தான் போட்டேன். பேரெழுத வந்தப்ப நீங்க இருந்திருக்க மாட்டீங்க.”

“இருந்தேனே. அந்தப் புள்ளைவளுக்கு நான்தானே டீ போட்டுக் குடுத்தேன்.”

“கம்ப்யூட்டர் பொய் சொல்லாது கனகம்.”

“அது சொல்லாது டீச்சரம்மா. நான் சொல்றனா?” என்று கேட்டபடியே மத்தியைக் கூறு பிரித்துவைத்தாள். வழக்கம்போலக் கொசுறாக மேலே இரண்டு போட்டாள். சந்திரா வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

ஜூலையில் ஒருநாள் மாணவி நந்தினி வந்து நின்றாள். அக்கா கல்யாணப் பத்திரிகைக்கு முகவரிகளை வரிசைப்படுத்த ஒரு ஸ்கிரிப்ட் எழுதியிருந்தாள்.

“அறுபது பேர் குடுத்தேன் மிஸ், அம்பத்தேழுதான் வருது. பிழைன்னும் காட்டல. சிவசுப்பிரமணியன்னு ரெண்டு பேர் இருக்காங்க. மாமா ஒருத்தர், அப்பாவோட ஆபீஸ்ல ஒருத்தர். மாமாவக் காணோம்.”

“மாமாவ விட்டுட்டா கல்யாணமே நடக்காதே! வெறும் பேர சீட்டா வச்சிருக்க. அப்பாவோட ஆளு வந்து உங்க மாமா மடியில உக்காந்துட்டாரு. பெர்ல் இதத் தப்புன்னு சொல்லாது, ஏன்னா...”

ஏப்ரலில் அவளும் பெயரைத்தான் சீட்டாக வைத்திருந்தாள்.

நந்தினியை அனுப்பிவிட்டு ஏப்ரல் மாதக் கோப்பைத் திறந்தாள். தள்ளப்பட்ட பதிவுகளை மட்டும் எடுத்து அச்சிட ஐந்து வரி எழுதினாள். நாற்பத்தைந்து. ஒவ்வொன்றாக விரல் வைத்துப் பார்த்தாள். நாற்பது நிஜமாகவே இரண்டாம் தடவை வந்தவை. ஐந்து வேறு குடும்பங்கள். அதில் ஒன்று: கே. காத்தமுத்து, மனைவி கனகம், இரண்டு பெண் குழந்தைகள்.

குப்பத்தில் ஒவ்வொரு மகனும் தன் தலைப்பிள்ளைக்குத் தன் தகப்பன் பெயரை வைப்பான். கனகத்தின் மாமனார் கருப்பையன் மகனும் காத்தமுத்து, அவர் தம்பி கலியமூர்த்தி மகனும் காத்தமுத்து. ஆங்கிலத்தில் இரண்டு பேருக்கும் ஒரே இனிஷியல். இது தெரியாதென்று அவள் சொல்லிக்கொள்ள முடியாது. ‘வெள்ளப்படகு காத்தமுத்து இருக்காரே, எங்க வூட்டுக்காரரோட சித்தப்பா மவன்’ என்று கனகமே எத்தனையோ தடவை பேசியிருக்கிறாள்.

வீட்டில் கணவர் குணசேகரன் விஷயத்தைக் கேட்டுவிட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்னார். “அஞ்சு குடும்பம் புதுசா வந்திருக்குன்னு சொல்லிக் குடுத்துடு. யாருக்குத் தெரியப்போவுது?”

“புதுசுன்னா மறுபடி விசாரண வைப்பாங்க. வரிசையில கடைசிக்குத் தள்ளிடுவாங்க.”

“உன் பேரு கெடுமே.”

“அவங்க பேரே இல்லாமப் போச்சுங்க.” இரண்டு தோசை கருகிய பிறகுதான் அடுப்பைக் கவனித்தாள்.

மறுநாள் ஜவஹர் அலி கேட்டுவிட்டு, வீடு ஒதுக்கிய பட்டியலை எடுத்து மேஜையில் வைத்தார். “போன வாரம்தான் டீச்சர் வீட்டுக் குலுக்கல் முடிஞ்சிது. கட்டுன வீடெல்லாம் ஒவ்வொருத்தர் பேருக்குப் போயிட்டுது. தப்பு உங்களுதுன்னு எழுதிக் குடுத்தா, அடுத்த கட்டத்துல முதல் அஞ்சு வீட்ட இவங்களுக்குக் கேட்டு வாங்கலாம். பொங்கல் தாண்டும்.”

எழுதிக் கொடுத்தாள். கையெழுத்தின் கீழே சென்டரின் பெயரைப் போடவில்லை, தன் பெயரை மட்டும் போட்டாள்.

சாயங்காலம் கனகம் இருந்த தற்காலிகக் கொட்டகைக்குப் போனாள். தகரத்தின் சூடு இன்னும் இறங்கவில்லை. நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். கனகம் பாத்திரம் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

“பொங்கலுக்கு அப்பறமா? அப்ப ஐப்பசி மழ இஞ்சதான்.”

“என் தப்புதான் கனகம். நீ சொன்னப்பவே நான் பாத்திருக்கணும்.”

“இந்தக் கொட்டகை வரிசையில வந்து காத்தமுத்துன்னு ஒரு கொரல் குடுத்திருந்தா, ரெண்டு பேரு எட்டிப் பாத்திருப்பாங்க டீச்சரம்மா. அதுக்குக் கம்ப்யூட்டரு எதுக்கு?”

சந்திரா கேட்டாள்: “அந்தக் காத்தமுத்துவ வெள்ளப்படகுன்னு சொல்லுவீங்க. உங்க வூட்டுக்காரர என்னன்னு சொல்லுவாங்க?”

“பச்சப்படகு. அதத்தான் அல கொண்டுட்டுப் போயிட்டுதே. இப்ப வெறும் காத்தமுத்துதான்.”

அதன் பிறகு வகுப்பில் அவள் பூஜ்யத்தைப் பற்றிச் சிரித்ததில்லை. ஸ்கிரிப்ட் பிழையில்லாமல் ஓடினால், “எது விட்டுப்போச்சுன்னு அச்சடிச்சுக் கண்ணால பாரு” என்பாள். பிள்ளைகளுக்கு அது வீண் வேலையாகப் பட்டது.

கனகம் மீன் கொண்டுவருவதை நிறுத்தவில்லை. ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்ட ஒரு காலையில் நனைந்துபோய் வந்தாள். சந்திரா நீட்டிய தட்டில் கூறு பிரித்து மேலே இரண்டு போட்டாள்.

“அது வேணாம் கனகம். உள்ள வந்து உக்காரு, காபி போடுறேன்.”

“எங்கேருந்து உக்கார்றது? போய்க் கொட்டகையில தண்ணி எறைக்கணும்” என்று கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு கனகம் போனாள். மேலே போட்ட இரண்டும் தட்டிலேயே இருந்தன.