எல்லாம் அந்தச் சண்டைதானாம்

எங்கள் வீட்டில் இரவில் திடுக்கிட்டு எழும்பும் உரிமை என் கணவருக்கு மட்டும்தான் இருந்தது. பத்து வருடமாக எழும்புகிறார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு முற்றத்தில் இரண்டு சுற்று நடப்பார், வந்து படுப்பார். போர் முடிந்த அந்தக் கடைசிச் சண்டையின் பயம் இன்னும் விடவில்லை என்று சொல்லி, தண்ணீர் கொடுத்துவிட்டு நான் திரும்பிப் படுப்பேன்.

போன வருடம் எனக்கும் அது தொடங்கியது. இரண்டு மணிக்குச் சட்டென்று விழிப்பு வரும். நெஞ்சு உலக்கை போட்ட மாதிரி இடிக்கும். ஒருநாள் இப்படியே போய்விட்டால், சோதனை எழுதப்போகும் மகளை யார் பார்ப்பது என்று நினைக்க இன்னும் கூடும்.

ஆளுக்கொரு காரணம் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பேன். எல்லோரும் ஒரே காரணத்தையே சொன்னார்கள். பரந்தன் சந்தி மருந்துக்கடைக்காரர் சொன்னார். கனடாவிலிருந்து மச்சாள் அழுதழுது சொன்னார். ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டொக்டர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கடைசிச் சண்டைக்க உள்ளுக்க இருந்தனீங்களோ அம்மா?"

"ஓம்."

"அப்ப அதுதான். கனக்க யோசிக்காதேங்கோ."

நாடியையாவது பிடித்துப் பார்த்தாரா? இல்லை! எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. சண்டைக்குப் பிறகு ஒரு பிள்ளை பெற்று, வீடு கட்டி, எத்தனையோ வகுப்புகளுக்குக் கணக்குப் படிப்பித்துவிட்டேன். அவ்வளவு காலமும் ஒழுங்காகத் துடித்த நெஞ்சுக்கு இப்போதுதானா ஞாபகம் வந்தது? தலையிடித்தாலும் சண்டை, தலைமயிர் கொட்டினாலும் சண்டை. எங்கள் ஆட்களுக்கு வேறு நோய் வருத்தமே வரக்கூடாதா?

பள்ளிக்கூடத்தில் வேறு கூத்து. நான் மெலிந்துகொண்டு போக, "ரீச்சர், என்ன சாப்பிடுறீங்கள்? எங்களுக்கும் சொல்லுங்கோவன்" என்று மற்ற ரீச்சர்மார் பொறாமைப்பட்டார்கள். பலகையில் எழுதும்போது என் கை நடுங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு மூன்றாம் முறை போனபோது வேறொரு டொக்டர், ஒரு பெண், இருந்தார். நம்பர் துண்டுச்சீட்டை நீட்டிய என் கையைத்தான் முதலில் பார்த்தார். இரண்டு கையையும் நீட்டச் சொல்லி, விரல்களின் மேல் ஒரு தாளை வைத்தார். தாள் கிடந்து நடுங்கியது.

"நிறை குறைஞ்சதோ? வெக்கை தாங்கேலாமல் இருக்கோ?"

சண்டையைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்கவில்லை. அதற்கே அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். நெஞ்சுத் துடிப்பைப் பதிந்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். கழுத்திலிருக்கும் தைரொயிட் சுரப்பி அளவுக்கு மிஞ்சிச் சுரக்கிறதாம். குளிசை போடத் தொடங்கிச் சில வாரங்களில் நெஞ்சு அடங்கியது.

ரிப்போட்டைக் கணவரின் முகத்துக்கு நேரே பிடித்தேன்.

"பாத்தீங்களோ? சண்டையுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. பிழை கழுத்துக்க."

அவர் தாளை இரண்டு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இந்தப் பத்து வருடத்தில் அந்த மனிதனின் நெஞ்சில் ஒருவரும் காது வைத்துப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"நாளைக்கு நீங்களும் வாங்கோ. ஒருக்காக் காட்டுவம்."

"எனக்கென்னத்துக்கு? என்ரது சண்டையால வந்ததெல்லோ."

"ஆர் சொன்னது? எந்த டொக்டர் சொன்னவர்?"

அவர் ரிப்போட்டை மடித்து என் கையில் தந்தார்.

"டொக்டரிட்ட நான் எங்க போனனான்? நீதானே சொன்னனீ."