டேப்பு சார் போடாத விலை

என் வீட்டுக்காரருக்கு எங்கள் தெருவில் இரண்டு பட்டப்பெயர்கள். முதலில் வந்தது ‘டேப்பு சார்’. அப்புறம் வந்தது ‘நாலு லட்சம்’. முதல் பெயர் அவராகச் சம்பாதித்தது. இரண்டாவதை நான் சம்பாதித்துக் கொடுத்தேன். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

அவர் வீடுகளுக்கு மதிப்புப் போடுகிறவர். வீட்டுக்கடன் கேட்டவுடன் வங்கி பணத்தைத் தூக்கிக் கொடுத்துவிடாது. இந்த வீடு இத்தனை பெறும் என்று ஒருவர் நேரில் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். அந்தத் தொகையில் நூற்றுக்கு எண்பதுதான் கடன். இருபத்திரண்டு வருஷமாக அப்படி எழுதிக் கொடுத்தவர் இவர். இடுப்பில் டேப்பு, காதில் பென்சில். குளியலறைக் கதவுக்குப் பின்னால் ஈரம் ஏறியிருக்கிறதா என்று சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். குழாயைத் திறந்து விட்டுக் கடிகாரத்தைப் பார்ப்பார். யாராவது டம்ளரில் ஏதாவது நீட்டினால் தொடக்கூட மாட்டார். “இதைக் குடிச்சா அளவுல ரெண்டு அடி கூட வந்துடும்” என்பார். பிழைக்கத் தெரியாத மனுஷனுக்கு வாழ்க்கைப்பட்டேனே என்று நான் தலையில் அடித்துக்கொள்வேன். கல்லுளிமங்கன், காதிலேயே வாங்க மாட்டார்.

அவர் பென்சிலில் எழுதி வருவதைக் கம்ப்யூட்டரில் ஏற்றுவது என் வேலை. சாப்பாட்டு மேஜையின் ஒரு மூலைதான் என் ஆபீஸ். அடித்துப் பிரிண்ட் எடுத்து வைத்தால் கையெழுத்துப் போடுவார். படித்துப் பார்க்க மாட்டார். “நீ அடிச்சதை நான் எதுக்குப் படிக்கணும்? என்னைவிட நீதான் கரெக்டு” என்பார். எனக்கு அதில் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

அப்போது வட்டி தரைக்கு இறங்கியிருந்தது. நாடு முழுக்க வீடு வாங்கும் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கடன் வேண்டுமா, கடன் வேண்டுமா என்று வங்கிகள் நாளைக்கு நாலு தடவை போன் செய்தன. ‘வாடகைக் காசில் சொந்த வீடு’ என்று பேருந்துகளின் முதுகில் எழுதியிருந்தது. நேற்று வரை வாடகைக்கு இருந்தவர்கள் தரைக்கு என்ன டைல்ஸ் போடலாம் என்று பேசினார்கள். என் தங்கைக்கும் ஆசை வந்துவிட்டது. எங்கள் தெருவிலேயே இரண்டாவது மாடியில் ஒரு வீடு. விலை பத்தொன்பது லட்சம். அவள் கையில் இருந்தது ஒரே ஒரு லட்சம்.

“மச்சினிச்சி வீட்டை நான் பார்க்கக் கூடாது, வேற ஆளை அனுப்புங்க” என்று இவர் வங்கி மேனேஜரிடம் சொல்லிப் பார்த்தார். “உங்களைவிடக் கறாரா எனக்கு யார் சார் கிடைப்பா?” என்று மேனேஜர் சிரித்துவிட்டார். இவர் போய் அளந்து, பத்தொன்பது என்று எழுதிக்கொண்டு வந்தார். தங்கை எனக்குப் போன் செய்து அழுதாள்.

“அக்கா, ஒரு நாலு கூடப் போட்டா கடன்லயே முடிஞ்சிடும். விக்கிறவர் பத்திரத்துல எவ்வளவு வேணும்னாலும் எழுதித் தர்றேங்கிறார். மாமாகிட்ட சொல்லேன்.”

மாமாவிடம் சொல்லிப் பிரயோஜனமில்லை என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவே இல்லை. அவர் குளிக்கப் போன நேரம், பத்தொன்பது இருக்க வேண்டிய இடத்தில் இருபத்து மூன்று என்று அடித்தேன். கை நடுங்கவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் அதிகமாக வெட்கப்படுத்துகிறது. கூடப் பிறந்தவளுக்கு நல்லது செய்கிறோம் என்று சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கையெழுத்துப் போட்டார்.

யாருக்கு என்ன நஷ்டம், தங்கை கட்டப் போகிறாள், வங்கி வாங்கப் போகிறது என்றுதான் நினைத்தேன். இவர்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு, அது என் புத்தியில் உறைக்கவே இல்லை. ஒரு வீட்டுக்கு மதிப்புப் போடும்போது, அதே பக்கத்தில் சமீபத்தில் கைமாறிய மூன்று வீடுகளை எடுத்துப் பார்ப்பார்கள். அந்த மூன்றும் என்ன விலைக்குப் போயினவோ, அதையொட்டித்தான் நாலாவது. நான் அடித்த இருபத்து மூன்று லட்சம், வங்கிகளின் பட்டியலில் ஏறிவிட்டது. அதைப் பார்த்து ஒருவர் இருபத்திரண்டரை போட்டார். இந்த இரண்டையும் பார்த்து இன்னொருவர் இருபத்து மூன்றரை போட்டார். நாடு முழுக்க விலை ஏறியதற்கு நான் பொறுப்பில்லை, சரி. ஆனால் எங்கள் தெருவில் ஏணியைக் கொண்டுவந்து சாத்தியவள் நான்தான்.

ஆறு மாதம் கழித்து, தெருமுனையில் பள்ளிச் சீருடை தைக்கும் டெய்லரக்கா வீடு வாங்கக் கிளம்பினார். கணவர் இல்லை, காலேஜில் படிக்கும் ஒரே மகள். விற்பவர் இருபத்து மூன்றரை கேட்டார். அக்கா நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

“டேப்பு சார் பார்த்துச் சரின்னு சொன்னாப் போதும். நான் கண்ணை மூடிக்கிட்டு வாங்கிடுவேன்.”

இவர் வழக்கம்போல மூன்று வீடுகளை எடுத்தார். முதல் வீடே என் தங்கையுடையது. பேப்பரைப் பார்த்து நெற்றியைச் சுருக்கினார்.

“ஏம்மா, இதுக்கு நான் இருபத்து மூணா போட்டேன்? பத்தொன்பதுன்னுல்ல ஞாபகம்?”

வாய் தயாராக இருந்தது, பாழாய்ப்போன வாய்.

“மொட்டை மாடியையும் சேர்த்துக்கோன்னு நீங்கதானே சொன்னீங்க? வயசாகுதுல்ல, மறந்திருப்பீங்க.”

“அப்படியா? இருக்கும்” என்றார்.

அந்த நிமிஷம் உண்மையைச் சொல்லியிருந்தால் அக்கா தப்பித்திருப்பார். நான் எழுந்து போய்த் துணி மடித்தேன். இவர் இருபத்து மூன்றரை சரிதான் என்று எழுதிக் கொடுத்தார். அக்கா இருபது வருஷம் தைத்துச் சேர்த்த ஐந்தரை லட்சத்தைக் கொட்டி, பதினெட்டு லட்சம் கடன் வாங்கி, அந்த வீட்டுக்குக் குடி போனார்.

பிறகு வட்டி ஏற ஆரம்பித்தது. ஒன்றரை வருஷத்தில் ஆறு தடவை. ‘மாறும் வட்டி’ என்று கடன் பத்திரத்தில் இருந்ததன் அர்த்தம் அப்போதுதான் எல்லோருக்கும் விளங்கியது. இறங்கும்போது ஆமை, ஏறும்போது முயல். மாதம் பதினாலாயிரம் கட்டிக்கொண்டிருந்த அக்காவுக்குப் பதினேழாயிரம் ஆயிற்று. பால்கனிக்குப் பால்கனி ‘விற்பனைக்கு’ அட்டை தொங்கியது, வாங்கத்தான் ஆளில்லை. என் தங்கை கெட்டிக்காரி, விலை உச்சத்தில் இருந்தபோதே இருபத்தைந்துக்கு விற்றுவிட்டு வேறு ஊருக்குப் போய்விட்டாள். டெய்லரக்காவுக்கு அந்தச் சாமர்த்தியம் ஏது? மகள் காலேஜை நிறுத்திவிட்டு ஒரு மருந்துக் கடையில் வேலைக்குப் போனாள். அப்படியும் ஏழு தவணை நின்றுபோய், வங்கி கதவில் ஏல நோட்டீஸை ஒட்டிவிட்டது.

ஏலத்துக்கு முன்னால் மறுபடி மதிப்புப் போட வேண்டும். வங்கி அனுப்பியது இவரைத்தான். பதினேழுதான் வந்தது. டேப்பைச் சுருட்டும்போது அக்கா கேட்டாராம்: “சார், அதே சுவர்தான், அதே கதவுதான். அன்னைக்கு இருபத்து மூணரைன்னு சொன்னதும் நீங்கதானே? வித்தாலும் கடன் தீராதாமே. நாங்க ரெண்டு பேரும் எங்க சார் போறது?”

வீட்டுக்கு வந்தவர் சட்டையைக்கூட மாற்றவில்லை. மதியம் முழுக்கப் பழைய ரிப்போர்ட்டுகளைப் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“வட்டி ஏறினது என் கையில இல்ல. ஆனா மொட்டை மாடி எல்லாருக்கும் பொது, அதை நான் எப்படிச் சேர்த்தேன்? நான் ஒழுங்காப் போட்டிருந்தா பேங்க் அவ்வளவு கொடுத்திருக்காது, அந்தம்மாவும் வாங்கியிருக்க மாட்டாங்க.” பிறகு என்னைக் கூப்பிட்டார். “பேங்குக்கு ஒரு லெட்டர் அடி.”

அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். அன்று போட்ட மதிப்பு தவறு. தவறு செய்தது வங்கியின் ஆள். கடன் வாங்கியவர் அதற்குப் பொறுப்பில்லை. ஏலத்தை நிறுத்திக் கடனைத் திருத்த வேண்டும். ‘இது முழுவதும் என்னுடைய கவனக்குறைவால் நேர்ந்தது’ என்ற வரி வந்தபோது என் விரல் நின்றுவிட்டது. அந்த வரி அவர் பிழைப்பில் மண்ணள்ளிப் போடும் என்று இருவருக்கும் தெரியும்.

“என்னாச்சு? அடி.”

“அது நீங்க இல்லைங்க” என்றேன்.

எல்லாவற்றையும் சொன்னேன். தங்கை அழுதது, அவர் குளிக்கப் போனது, மொட்டை மாடிப் பொய், எல்லாம். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

“ரெண்டு வருஷமா எனக்குப் புத்தி மழுங்கிப் போச்சுன்னு பயந்துக்கிட்டு இருந்தேன்” என்றார். “ஒவ்வொரு சுவத்தையும் மூணு மூணு தடவை அளந்தேன், தெரியுமா உனக்கு?”

தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது.

“நான்தான் பண்ணினேன்னு எழுதறேங்க. என் பேரைப் போடுறேன்.”

“நீ மாத்தினேன்னு எழுதினா அது மோசடிக் கேஸ். வருஷக்கணக்கா இழுக்கும். அதுக்குள்ள அந்தம்மா வீடு ஏலத்துல போயிடும். என் தப்புன்னா சீக்கிரம் முடியும். படிக்காம கையெழுத்துப் போட்டதும் நான்தானே. ‘என்னுடைய’ன்னே அடி.”

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் எழுதிய முதல் பொய்யையும் நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

வங்கி பத்தே நாளில் அவரைத் தூக்கியது. மற்ற வங்கிகளும் கைகழுவின. அக்கா விஷயத்தில் நாலு மாதம் இழுத்தடித்தார்கள். அந்தக் கடிதத்தோடு அக்கா கோர்ட்டுக்குப் போனால் தங்கள் பெயர் நாறிவிடும் என்று பயந்து, கடைசியில் இறங்கி வந்தார்கள். ஏலம் ரத்து, அபராத வட்டி தள்ளுபடி, கடனில் நாலு லட்சம் குறைத்தார்கள். வீடு நிலைத்தது. இவர் இப்போது ஒரு கட்டட கான்ட்ராக்டரிடம் சிமெண்ட் மூட்டை எண்ணப் போகிறார். தெருவில் பையன்கள் முதல் பெரியவர்கள் வரை ‘நாலு லட்சம்’ போகிறார் என்கிறார்கள். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே மேஜையில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகின்றன.

போன ஞாயிற்றுக்கிழமை டெய்லரக்கா வந்தார். மகள் மறுபடி காலேஜில் சேர்ந்துவிட்டாளாம். முன்னறையில் இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார்.

“நடந்தது நடந்துபோச்சு சார். தப்பை ஒத்துக்கிட்டீங்களே, அந்த மனசு யாருக்கு வரும்?” என்றார் அக்கா. இவர் தலையை மட்டும் ஆட்டினார்.

பிறகு அக்கா என் பின்னாலேயே சமையலறைக்கு வந்தார். குரலைத் தாழ்த்தி, என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார்.

“உன்னை நெனச்சாத்தாம்மா எனக்குப் பாவமா இருக்கு. அந்த மனுஷன் பண்ணின தப்புக்கு நீ என்ன பண்ணுவ? எப்படி இளைச்சுப் போயிட்ட பாரு.”

“அக்கா...” என்றேன்.

முன்னறையில் பேப்பர் புரளும் சத்தம் நின்றது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். வீடுதான் மீண்டுவிட்டதே, இனிமேல் சொன்னால் யாருக்கும் எதுவும் போகாது, என்னைத் தவிர.

“என்னம்மா, சொல்லு” என்றார் அக்கா, கையை விடாமல்.

“டீக்குச் சர்க்கரை எவ்வளவு போடட்டும்க்கா?” என்று கேட்டேன்.