காணிக்கைக் கூடையில் போன பாட்டில்

மழை பெய்தால் எங்கள் ஊரில் ரப்பர் பால் வெட்டு கிடையாது. வெட்டு இல்லாத வாரம் குலசேகரம் கடைவீதியில் ஈயாடும். அப்படிப்பட்ட ஊரில், பாலை உறைய வைக்கிற ஆசிட் உப்பு புளி மாதிரி எல்லா வீட்டிலும் இருக்கும். கடையில் சில்லறையாக ஊற்றித் தருவார்கள். பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். நான் கொண்டுபோனது பழைய சர்பத் பாட்டில். அதே மாதிரி இன்னொன்றில், தேங்காய்த் தண்ணீரை நானே புளிக்கவைத்த வினிகர். இத்தனைக்கும் பள்ளியில் வேதியியல் எடுப்பவள் நான். "லேபிள் ஒட்டு" என்று பிள்ளைகளிடம் தொண்டை வறளக் கத்துபவள். ஊருக்குத்தான் உபதேசம்.

விளைச்சலை ஆலயத்தில் படைக்கிற அறுப்பின் பண்டிகைக் காலையில், பிந்திவிட்ட அவசரத்தில், ஒரு வாழைக்குலை, இரண்டு தேங்காயோடு ஒரு பாட்டிலையும் காணிக்கைக் கூடையில் வைத்தேன். "வீட்டு வினிகர்" என்று பெருமையாகச் சொல்லி ஆலயத்தில் கொடுத்தேன். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போயிற்று. எங்கள் ஏலத்தில் எடுத்தவரே பொருளைத் திரும்பக் கொடுப்பதுண்டு. அது மறுபடி ஏலம் போகும். என் பாட்டில் இரண்டு கை மாறியதுவரை பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

மறுநாள் பள்ளி விடுமுறை. உச்சிப்பொழுதில் என் கணவர் ரப்பர் ஷீட் அடிக்கிற கொட்டகையிலிருந்து கூப்பிட்டார்.

"ஏட்டி, பால் உறையாமலே கெடக்கு. என்னத்த எடுத்துத் தந்த?"

பாட்டிலை மோந்து பார்த்தேன். வினிகர். அப்படியானால் ஆசிட் யார் வீட்டு அடுக்களையில் இருக்கிறது? ஒரு நாள் முழுக்கப் போயிருந்தது.

"சபை குழுவுல போடு" என்றார்.

வாட்ஸ்அப்பில் எழுதினேன், அழித்தேன். கெமிஸ்ட்ரி டீச்சர் ஆசிட்டைக் காணிக்கை போட்டாளாம் என்று ஊர் சிரிப்பது காதில் கேட்டது. சபைச் செயலாளருக்கு மட்டும் போன் செய்தேன். எடுக்கவில்லை. மறுபடியும் எடுக்கவில்லை. ஆனாலும் குழுவில் போடவில்லை. பத்து நிமிடம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு செயலாளரே கூப்பிட்டார். பாட்டிலைக் கடைசியாக ஏலத்தில் எடுத்தது சந்தை முக்கில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர் என்றார்.

கணவரின் பைக்கில் போய் இறங்கினோம். கடைக்காரரின் மனைவி வாசலுக்கு வந்தார்.

"அக்கா, நேத்து ஏலத்துல எடுத்த பாட்டில்..."

"வாங்க டீச்சர். மருமவ ஊறுகாய்க்குன்னு தொறந்தா. மெட்ராஸ்காரி, அவளுக்கு என்ன தெரியும்? புளிப்பு பாக்கணும்னு ஸ்பூன வாய்க்குக் கொண்டு போனா. ஆசிட் மணம் வந்ததும் ஓடிப்போயி தட்டிவிட்டேன். ரப்பர் வீட்டுல பிறந்தவ நான், எனக்குத் தெரியாதா?"

"எப்பக்கா?"

"இப்பந்தான். அஞ்சு நிமிசம் இருக்கும்."

உள்ளே அந்தப் பெண் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் படியில் உட்கார்ந்துவிட்டேன்.

அக்கா என் தோளில் கைவைத்தார். "பயப்படாதீங்க. நான் யாருட்டயும் சொல்லமாட்டேன்" என்றார்.

அந்தப் பயம்தான் என்னைப் பத்து நிமிடம் உட்கார வைத்தது என்று அவரிடம் நான் சொல்லவில்லை.