பெயர் வேண்டாதவர் கொடுத்த அடுப்பு

பியூனஸ் அயர்ஸில், வில்லா கிரெஸ்போ பேட்டையில் இருக்கும் எங்கள் முதியோர் சாப்பாட்டுக்கூடத்துக்குள் நுழைகிறவர் படிக்கத் தெரிந்தவராக இருந்தால், சாப்பிட நேரமாகிவிடும். நாற்காலி முதுகில் ஒரு பெயர். மின்விசிறியில் ஒரு பெயர். கழிவறைக் கண்ணாடியில், முகம் பார்க்கக் கொஞ்சம் இடம் விட்டு, ஒரு குடும்பமே. எங்கள் யூத சமூகத்தில் கொடுக்கிறவர்களுக்குப் பஞ்சமே வந்ததில்லை. பித்தளைத் தகடு அடிக்கிறவருக்குத்தான் ஓய்வில்லை.

இந்தக் கூடத்தின் சமையலறை தோபா ஷுஸ்டர்மனின் ராஜ்ஜியம். வயது அறுபத்தொன்று. முப்பது வருடம் பெண்கள் உள்ளாடைக் கடை வைத்திருந்தவர். வாசற்படி ஏறும்போதே ஆளைப் பார்த்து அளவு சொல்லிவிடுவார். கடையை மூடியபின் அதே கண்ணை நன்கொடையாளர்கள் பக்கம் திருப்பினார். யாரிடம் ஒரு மூட்டை மாவு கேட்கலாம், யாரிடம் ஒரு வண்டியே கேட்கலாம் என்று பார்த்த மாத்திரத்தில் தெரியும்.

அப்படிப்பட்டவரின் ரொட்டி அடுப்பு, ரோஷ் ஹஷானா என்கிற, ரொட்டியைத் தேனில் தொட்டுச் சாப்பிடும் எங்கள் புத்தாண்டுக்கு மூன்று வாரம் இருக்கும்போது செத்துப்போனது. அங்கே சாப்பிடும் எண்பது பேரில் பாதிப் பேருக்கு நாளின் ஒரே சூடான சாப்பாடு அதுதான். நிர்வாகக் குழு கூடி, ஆழ்ந்து யோசித்து, வேறு அடுப்பு வரும்வரை சமையலறையை மூடலாம் என்றது.

"மூடுறதா? புது வருஷத்தன்னிக்கு எண்பது பேரும் வீட்ல உக்காந்து பிஸ்கட்ட தேன்ல முக்கிச் சாப்பிடணுமா?" என்று தோபா பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

முதலில் மெத்தைக் கடை தொன் நத்தாலியோ. ('தொன்' என்றால் எங்கள் ஊரில் 'ஐயா'.)

"அடுப்புதானே? முழுசா நானே தர்றேன். தகடு மட்டும் கதவுல, கண்ணுல படுற மாதிரி."

"அடிச்சுட்டாப் போச்சு."

"ஆனா அந்த லேயோன் பேரு அந்தச் சமையக்கட்டுல எங்கயும் இருக்கக் கூடாது."

"அவர் குடுத்த ஃப்ரிட்ஜ் இருக்கே."

"தூக்கிடு."

திரைச்சீலைக் கடை தொன் லேயோன், நத்தாலியோ மனைவியின் கூடப்பிறந்த அண்ணன். ஜெப ஆலயத்தில் ஜன்னலோரம் காற்று வரும் ஓர் இருக்கை யாருக்கு என்பதில் ஒன்பது வருடமாக இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. லேயோனும் அடுப்பு தரத் தயார்தான். நத்தாலியோ கொடுத்த மாவு பிசையும் இயந்திரத்தை மட்டும் தெருவில் வைத்துவிட வேண்டும்.

தோபா இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு நேராக அடுப்பு விற்கும் இத்தாலிக்காரர் புருனோவிடம் போய்க் கடனுக்கு ஒன்று வாங்கினார்.

"புது வருஷத்துக்கு முந்தின நாளுக்குள்ள பணம் வரலேன்னா கழட்டிட்டுப் போயிருவேன், தோபா. கோச்சுக்கக் கூடாது."

"கோச்சுக்க மாட்டேன். சாபம் மட்டும்தான் விடுவேன்."

மறுநாள் அடுப்பும் வந்தது, அதன் கதவில் ஒரு தகடும் வந்தது: 'உபயம்: பெயர் வேண்டாதவர்.' அது பொய்யா என்று, சமூகப் பத்திரிகையில் எழுதும் நானே பின்னால் அவரிடம் கேட்டேன். "இதுவரைக்கும் யாரும் குடுக்கல. பேரு போடச் சொல்லி யாரும் கேக்கவும் இல்ல. எந்த எழுத்து பொய்?" என்றார்.

தான் யாரென்று காட்டாமல் கொடுப்பவன் பெயர் சொல்லிக் கொடுப்பவனைவிட ஒரு படி மேல். இது எங்களுக்குச் சின்ன வயதிலேயே சொல்லித் தரப்படுவது. யாராவது செய்து பார்த்ததாகத்தான் தகவல் இல்லை. அதனால் கூடமே அல்லோலகல்லோலப்பட்டது. பியானோ வாத்தியாராக இருந்து ஓய்வுபெற்ற தொண்ணூறு வயது ஃபெய்கா கரண்டியைக் கீழே வைத்தார்.

"பேரு வேண்டாம்னு ஒருத்தன் சொல்லிட்டானா? பாவம், யாருக்கோ ரொம்ப உடம்பு முடியல."

பிறகு ஆள் தேடல் தொடங்கியது. முடிவெட்டும் கடையில் நத்தாலியோவின் கையைப் பிடித்து நாலு பேர் குலுக்கினார்கள். "என்கிட்ட எதுவும் கேக்காதீங்க" என்று அவர் தரையைப் பார்த்தார். அந்தப் பக்கம் லேயோனைக் கறிக்கடைக்காரர் வரிசையை விட்டு முன்னால் கூப்பிட்டு நல்ல துண்டாக வெட்டித் தந்தார். லேயோன் "அட, விடுங்க" என்றார். இத்தனை வருடம் இத்தனை தகடு அடித்தும் இருவருக்கும் கிடைக்காத மரியாதை அது.

பணம் மட்டும் வரவில்லை. நாலே நாள் பாக்கி. புருனோ இரண்டு தடவை போன் செய்துவிட்டார். தோபா கேரட் சீவிக்கொண்டிருந்த ஒரு காலையில், நத்தாலியோ பின்வாசல் வழியாக வந்தார்.

"ஊரே என்னைக் கும்பிடுது, தோபா. செய்யாததுக்கு மரியாதைய வாங்கிட்டு எப்படிப் புது வருஷத்துக்குள்ள போறது? மேல ஒருத்தன் பாத்துக்கிட்டிருக்கான்ல." ஓர் உறையை மேசையில் வைத்தார். "இப்ப நெசமாயிருச்சு. யார்கிட்டயும் மூச்சு விடாத."

"ஃப்ரிட்ஜ தூக்கணுமா?"

"அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகுது."

சாயங்காலம் அதே வாசல், அதே தயக்கம், லேயோன். தோபா மறைக்கவில்லை. "அடுப்புக்குப் பணம் வந்துருச்சு, தொன் லேயோன். நடக்க முடியாதவங்களுக்குச் சாப்பாடு கொண்டுபோக வண்டி வாங்கிக்கவா?"

"யாரு குடுத்தது?"

"பேரு வேண்டாதவர்."

லேயோன் தன் உறையை மேசையில் வைத்தார். "அப்ப அது நான்தான். நீ வண்டியே வாங்கிக்க."

அடுத்த இரண்டு நாளும் பின்வாசல் தாழ்ப்பாள் ஓயவில்லை. மருந்துக்கடைக்காரர், பல் டாக்டர், கம்பளிநூல் கடைச் சகோதரிகள் தனித்தனியாக, ஆளுக்கோர் உறையோடு. தெருவில் யாரோ தங்களைத்தான் அந்தப் பெயர் வேண்டாதவர் என்று சந்தேகப்பட்டுவிட்டதாக எல்லோரும் சொன்னார்கள். புருனோ பணத்தோடு திராட்சை போட்ட வட்ட ரொட்டி ஒன்றையும் வாங்கிக்கொண்டு போனார்.

புத்தாண்டு மதியம் எண்பது பேரும் ரொட்டியைத் தேனில் தொட்டுத் தின்றார்கள். அடுப்பைப் பார்க்க வந்த நத்தாலியோவும் லேயோனும் தகட்டின் முன்னால் ஒருவரை ஒருவர் இடித்துக்கொண்டார்கள்.

ஒன்பது வருட மௌனம் நத்தாலியோவால் உடைந்தது. "மச்சான், இது நீயா?"

"சேச்சே, நான் இல்லப்பா. நீயா?"

"நான் எதுக்கு?"

அடுத்தவன் கொடுக்கவில்லை என்று அடுத்தவன் வாயாலேயே வந்துவிட்ட திருப்தி இரண்டு முகத்திலும் பளிச்சென்று தெரிந்தது. தோபா ஆளுக்கொரு தட்டைக் கையில் திணித்து, "நின்னது போதும், பரிமாறுங்க" என்றார். மச்சான்கள் இருவரும் ஒரே வரிசையில் பரிமாறினார்கள்.

"ரொட்டி நல்லாருக்கு. சூப்புல உப்பு இல்ல. அதுக்கும் யாராவது உபயதாரர் வரணுமா?" என்றார் ஃபெய்கா.

சாப்பிட்டு வெளியே வரும்போது பல் டாக்டர் என் கையை இறுகப் பிடித்துக் காதோடு கேட்டார். "உங்க எழுத்தப் படிக்கும்போதே நெனச்சேன். பேரு வேண்டாதவர் நீங்கதானே?"

நான் தரையைப் பார்த்தேன்.